ஒரு பதிவு, ஒரே முகவரி! வலைப்பூவில் நகல் பக்கங்களைத் தவிர்ப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இணைய இணைப்பும் பெற்றவுடன் பலர் ஆசையோடு செய்திடும் வேலைகளில் ஒன்று, தனக்கென ஒரு வலைப்பூ தொடங்குவது. கூகுள் தரும் பிளாக்கர் சேவையில் பத்து நிமிடங்களில், ஒரு பைசா செலவில்லாமல் இதனை அமைத்துவிடலாம். சமையல் குறிப்பு, ஊர்க் கோயில் வரலாறு, பாடக் குறிப்பு, பயணக் கட்டுரை என எதை வேண்டுமானாலும் எழுதலாம். எழுதி முடித்து "பப்ளிஷ்" பட்டனை அழுத்தியவுடன் எல்லாருக்கும் எழும் கேள்வி ஒன்றுதான். கூகுளில் தேடினால் என் பதிவு கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் எந்த முகவரியில் கிடைக்கும் என்பதில்தான் சிக்கல். நீங்கள் ஒரு பதிவை ஒரே ஒரு முறைதான் எழுதுகிறீர்கள். ஆனால் அது இணையத்தில் பல முகவரிகளில் போய் அமர்ந்துவிடுகிறது. இவற்றில் எது அசல், எது நகல் என்று தேடு பொறிக்கு நாம் சொல்லாவிட்டால், அதுவே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அதன் தேர்வு நம் விருப்பத்திற்கு மாறாகவும் அமையலாம். இதனைத்தான் "டூப்ளிகேட் கன்டென்ட்" பிரச்னை என்கிறார்கள். இது எப்படி ஏற்படுகிறது, தவிர்க்க என்ன செய்திட வேண்டும் என்பதை இங்கு காண்போம். பெரும்பாலானவர்கள் பயன்படுத்தும் பிளாக்கரையே எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்வோம்.

ஒரு பதிவுக்கு எட்டு முகவரிகள்

நீங்கள் சமையல் வலைப்பூ ஒன்று வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இட்லி மாவு அரைப்பது பற்றி ஒரு பதிவு எழுதி, "சிற்றுண்டி", "அரிசி" என இரண்டு லேபிள்கள் கொடுத்து வெளியிடுகிறீர்கள். இப்போது அந்தப் பதிவு எங்கெல்லாம் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள்.

1. பதிவுக்கே உரிய தனிப் பக்கம். இதுதான் அசல்.
2. வலைப்பூவின் முகப்புப் பக்கம். புதிய பதிவு முழுவதும் இங்கு காட்டப்படும்.
3. அந்த மாதத்திற்கான ஆர்க்கைவ் பக்கம்.
4. "சிற்றுண்டி" லேபிளுக்கான பக்கம்.
5. "அரிசி" லேபிளுக்கான பக்கம்.
6. மொபைல் போனில் பார்ப்பவர்களுக்கான முகவரி. பதிவின் முகவரிக்குப் பின் ஒரு கேள்விக்குறியும், எம் என்ற எழுத்தும், சமக் குறியும், 1 என்ற எண்ணும் ஒட்டியிருக்கும்.
7. பேஸ்புக்கிலிருந்து யாரேனும் கிளிக் செய்து வந்தால் கிடைக்கும் முகவரி. 2018 முதல் பேஸ்புக், வெளியே செல்லும் லிங்க்குகளின் வாலில் ஒரு நீண்ட குறியீட்டைச் சேர்த்து அனுப்புகிறது.
8. எச்டிடிபிஎஸ் என்று தொடங்காமல் வெறும் எச்டிடிபி என்று தொடங்கும் பழைய வகை முகவரி.

ஆக, ஒரே பதிவுக்கு எட்டு முகவரிகள். மனிதர்களாகிய நமக்கு இவை எல்லாம் ஒன்றே என்பது பார்த்தவுடன் புரியும். ஆனால் தேடு பொறிக்கு ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு முகவரிதான், வேறு பக்கம்தான். திறந்து படித்துப் பார்த்த பிறகுதான் உள்ளே இருப்பது ஒன்றே என்று அதற்குத் தெரியவரும்.

தேடு பொறி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கோடிக்கணக்கான பக்கங்களை ஒன்றோடொன்று வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பது எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாத காரியம். இதற்கு ஒரு குறுக்கு வழியை 1997-ல் ஆண்ட்ரே புரோடர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டனர். அந்நாளில் புகழ் பெற்றிருந்த அல்டாவிஸ்டா தேடு பொறி திரட்டிய 3 கோடி பக்கங்களில் இதனைச் சோதித்தனர்.

வழி எளிமையானதுதான். "உளுந்தை நான்கு மணி நேரம் ஊற வைத்து நைசாக அரைக்கவும்" என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் 8 சொற்கள் உள்ளன. இவற்றை மும்மூன்று சொற்களாக, ஒரு சொல் தள்ளித் தள்ளிப் பிரிக்க வேண்டும். "உளுந்தை நான்கு மணி", "நான்கு மணி நேரம்", "மணி நேரம் ஊற" எனப் போனால் மொத்தம் 6 துண்டுகள் கிடைக்கும். இன்னொரு பக்கத்தில் இதே துண்டுகள் எத்தனை உள்ளன என்று பார்த்தால் போதும். வீடுகளில் கூரை ஓடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பது போல இந்தத் துண்டுகள் அடுக்கி நிற்பதால், ஓடு என்ற பொருளில் இதற்கு "ஷிங்லிங்" என்று பெயர்.

இந்த வரியில் "நைசாக" என்பதை "மையாக" என்று மாற்றிவிட்டால் தேடு பொறியை ஏமாற்றிவிடலாமா? முடியாது. அந்தச் சொல் இடம்பெறும் 2 துண்டுகள் மட்டுமே மாறும். மீதி 4 துண்டுகள் அப்படியே இருக்கும். 500 சொற்கள் கொண்ட கட்டுரையில் 498 துண்டுகள் கிடைக்கும். அதில் 10 சொற்களை மாற்றினாலும் அதிகபட்சம் 30 துண்டுகள்தான் மாறும். 468 துண்டுகள் "நான் நகல், நான் நகல்" என்று காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தவர் கட்டுரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொற்களை மாற்றிப் போட்டுத் தப்பிக்கலாம் என்று எண்ணுபவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைக்கவும்.

2007-ல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில் இன்னொரு முறை விளக்கப்பட்டது. ஒவ்வொரு பக்கத்தையும் 64 பிட் நீளமுள்ள ஒரு கைரேகையாகச் சுருக்கிவிடுவார்கள். இரண்டு பக்கங்களின் கைரேகைகள் 3 பிட்டுகளுக்கு மேல் வேறுபடவில்லை என்றால், அவை ஏறத்தாழ ஒரே பக்கம் என்று கொள்ளலாம். 800 கோடி பக்கங்களைக் கொண்டு இந்த முறை சரியாக வேலை செய்வதை அவர்கள் காட்டினர்.

இப்படிக் கண்டறிந்த நகல்களைத் தேடு பொறி ஒரு குழுவாகக் கட்டி வைக்கும். அந்தக் குழுவிலிருந்து ஒரே ஒரு முகவரியைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கும். தேடுபவர்களுக்கு அந்த முகவரி மட்டுமே காட்டப்படும். தலைவராகத் தேர்வு பெறும் இந்த முகவரிக்குத்தான் "கெனானிகல்" முகவரி என்று பெயர். இந்தச் சொல் இனி அடிக்கடி வரும் என்பதால் மனதில் கொள்ளவும்.

தண்டனை உண்டா?

நகல் பக்கம் இருந்தால் கூகுள் நம் வலைப்பூவையே தள்ளி வைத்துவிடும் என்று ஓர் அச்சம் பரவலாக உள்ளது. இது சரியல்ல. இதுபோல் தானாக உருவாகும் நகல்களுக்குத் தண்டனை எதுவும் இல்லை என்று 2008-லேயே கூகுள் தன் அதிகாரப்பூர்வ வலைப்பூவில் விளக்கிவிட்டது. 2013-ல் கூகுளின் மேட் கட்ஸ் ஒரு வீடியோவில் பேசியபோது, இணையத்தில் உள்ளவற்றில் 25 முதல் 30 சதவீதம் வரை நகல்கள்தான் என்று குறிப்பிட்டார். அவ்வளவையும் தண்டிக்கத் தொடங்கினால் தேடு பொறியில் காட்டுவதற்கு என்ன மிஞ்சும்?

தண்டனை வேறு, நஷ்டம் வேறு. தண்டனை இல்லை என்றாலும் நஷ்டம் மூன்று வகைகளில் ஏற்படும்.

முதலாவது, தவறான பக்கம் தேடலில் வரும். உங்கள் இட்லி மாவுப் பதிவுக்குப் பதிலாக முகப்புப் பக்கத்தைக் கூகுள் காட்டுகிறது என்று வையுங்கள். அதற்குள் நீங்கள் மேலும் பத்துப் பதிவுகள் எழுதியிருப்பீர்கள். தேடி வந்தவர் முகப்பில் பார்த்தால் அங்கு இட்லி மாவு இருக்காது. உடனே பின்னால் திரும்பி அடுத்த தளத்திற்குப் போய்விடுவார்.

இரண்டாவது, உங்களுக்குச் சேர வேண்டிய மதிப்பு சிதறும். பிற தளங்கள் ஒரு பக்கத்திற்குத் தரும் லிங்க்குகளைத் தேடு பொறி அந்தப் பக்கத்திற்கான ஓட்டுகளைப் போலக் கருதுகிறது. நான்கு பேர் நான்கு வேறு முகவரிகளுக்கு லிங்க் கொடுத்தால் ஓட்டுகள் பிரிந்துபோக வாய்ப்பு உண்டு.

மூன்றாவதுதான் மனதைப் புண்படுத்துவது. உங்கள் பதிவை வேறொருவர் எடுத்துத் தன் தளத்தில் போட்டுக்கொள்ள, கூகுள் அதனை அசல் என்று எண்ணிவிட்டால், நீங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிய கட்டுரையில் உங்களுடையதுதான் நகல் என்றாகி மறைந்துவிடும்.

இந்த மூன்றையும் தவிர்க்க ஒரே கொள்கைதான். ஒரு பதிவுக்கு ஒரே முகவரி. அதனை எப்படி உறுதி செய்வது என்று இனிப் பார்ப்போம். கீழே தரப்படும் மெனு பெயர்கள் பிளாக்கரின் ஆங்கில மெனுவில் உள்ளவை.

கெனானிகல் வரி இருக்கிறதா?

2009 பிப்ரவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் ஒரே நேரத்தில் ஒரு வசதியை அறிவித்தன. பக்கத்தின் தலைப்பகுதியில், கண்ணுக்குத் தெரியாத எச்டிஎம்எல் குறியீடாக, "இந்தப் பக்கத்தின் அசல் முகவரி இதுதான்" என்று ஒரு வரி எழுதி வைக்கலாம். எந்த முகவரி வழியாக உள்ளே வந்தாலும் தேடு பொறி இந்த வரியைப் படித்து, அசல் எது என்று தெரிந்துகொள்ளும். இது கட்டளை அல்ல; பலமான பரிந்துரை. இருந்தாலும் பெரும்பாலும் ஏற்கப்படுகிறது.

பிளாக்கர் தரும் சொந்த தீம்களில் இந்த வரி தானாகவே அமைந்துவிடும். எனவே பட்டியலில் 6, 7 ஆகிய முகவரிகளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஆனால் அழகாக இருக்கிறதே என்று வேறு தளங்களிலிருந்து இலவச டெம்ப்ளேட்டை இறக்கிப் போட்டவர்கள் சோதித்துப் பார்ப்பது நல்லது. சிலவற்றில் இந்த வரி விடுபட்டிருக்கும்.

சோதிப்பது எளிது. உங்கள் பதிவு ஒன்றை பிரவுசரில் திறக்கவும். கன்ட்ரோல் கீயுடன் யூ கீயை அழுத்தவும். பக்கத்தின் மூலக் குறியீடுகள் இன்னொரு டேபில் தெரியும். பயந்துவிட வேண்டாம். இங்கு கன்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்தி, கிடைக்கும் கட்டத்தில் கெனானிகல் என்ற சொல்லை ஆங்கிலத்தில் டைப் செய்து தேடவும். அந்தச் சொல் உள்ள வரியில் உங்கள் பதிவின் முகவரி சரியாக இருந்தால் எல்லாம் நலமே. இல்லை என்றால் டெம்ப்ளேட்டை மாற்றிவிடுவதே புதியவர்களுக்குப் பாதுகாப்பான வழி.

முகப்பில் முழுப் பதிவு வேண்டாம்

முகப்புப் பக்கத்தில் பதிவின் முதல் பத்தி மட்டும் தெரிந்து, மீதியைப் படிக்கக் கிளிக் செய்திடும்படி அமைத்துவிட்டால், முகப்பு அசலுக்குப் போட்டியாக வராது. இதற்கான வசதி பிளாக்கரில் 2009 முதல் உள்ளது. பதிவை எழுதும்போது முதல் பத்தி முடிந்த இடத்தில் கர்சரை வைத்து, டூல்பாரில் "இன்சர்ட் ஜம்ப் பிரேக்" என்ற ஐகானைக் கிளிக் செய்திடவும். ஒரு கோடு தோன்றும். அந்தக் கோட்டிற்குக் கீழே உள்ளவை தனிப் பக்கத்தில் மட்டுமே காட்டப்படும். ஆர்க்கைவ், லேபிள் பக்கங்களிலும் இதே பயன் கிடைக்கும். முகப்புப் பக்கமும் விரைவாகத் திறக்கும் என்பது கூடுதல் நன்மை.

ஆர்க்கைவ், லேபிள் பக்கங்கள்

லேபிள் பக்கங்களை பிளாக்கரே கவனித்துக்கொள்கிறது. ஒவ்வொரு வலைப்பூவிலும் ரோபோட்ஸ் என்ற பெயரில் ஒரு சிறிய டெக்ஸ்ட் பைல் உண்டு. கூகுள் அனுப்பும் கிராலர் புரோகிராம்கள் எங்கு வரலாம், எங்கு வரக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். லேபிள் பக்கங்களுக்குள் வர வேண்டாம் என்று பிளாக்கர் முன்னதாகவே அதில் எழுதி வைத்துள்ளது. எனவே இணையத்தில் யாரோ எழுதி வைத்த ரோபோட்ஸ் வரிகளைக் காப்பி செய்து இங்கு ஒட்ட வேண்டாம். இருப்பதே போதும்.

மாத ஆர்க்கைவ் பக்கங்களைத் தேடலில் வராமல் செய்திட, "செட்டிங்ஸ்" சென்று "கிராலர்ஸ் அண்ட் இன்டெக்சிங்" பிரிவுக்கு வரவும். "எனேபிள் கஸ்டம் ரோபோட்ஸ் ஹெடர் டேக்ஸ்" என்பதை இயக்கவும். அதன் கீழ் மூன்று தலைப்புகள் கிடைக்கும். "ஆர்க்கைவ் அண்ட் சர்ச் பேஜ் டேக்ஸ்" என்பதைக் கிளிக் செய்து, "நோஇன்டெக்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்திடவும்.

ஓர் எச்சரிக்கை. முகப்புப் பக்கத்திற்கும் பதிவுகளுக்கும் உரிய மற்ற இரண்டு தலைப்புகளில் மறந்தும் "நோஇன்டெக்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுக்கக்கூடாது. தேர்ந்தெடுத்தால் சில நாட்களில் உங்கள் வலைப்பூ கூகுளிலிருந்து ஒட்டுமொத்தமாகக் காணாமல் போகும். எது எது என்று சந்தேகம் இருந்தால் இந்தப் பிரிவையே தொடாமல் விட்டுவிடலாம். ஜம்ப் பிரேக் ஒன்றே பெரும்பாலும் போதுமானது.

எச்டிடிபிஎஸ், சொந்த டொமைன்

"செட்டிங்ஸ்" பகுதியில் "எச்டிடிபிஎஸ் ரீடைரக்ட்" என்பது இயக்கத்தில் இருக்கட்டும். பழைய வகை முகவரியில் வருபவர்கள் தானாகவே புதியதற்கு அனுப்பப்படுவார்கள்.

பணம் கட்டிச் சொந்த டொமைன் பெயர் வாங்கியவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மூன்று டபிள்யூ சேர்த்து ஒரு முகவரி, சேர்க்காமல் ஒரு முகவரி என இரண்டும் தனித்தனியே திறக்கக்கூடாது. "பப்ளிஷிங்" பிரிவில் உள்ள "ரீடைரக்ட் டொமைன்" என்பதை இயக்கிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருபவர்களை பிளாக்கரே புதிய முகவரிக்கு அனுப்பிவிடும்.

தமிழில் தலைப்பு வைத்தால்

தமிழில் எழுதுபவர்களுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. ஆங்கிலத் தலைப்பு என்றால் பிளாக்கர் அதனை வைத்தே முகவரியை அமைக்கும். தமிழ்த் தலைப்பை அதனால் அப்படிப் பயன்படுத்த முடியாது. "பிளாக்-போஸ்ட்" என்ற சொல்லுடன் ஏதோ ஓர் எண்ணைச் சேர்த்து முகவரியாகத் தந்துவிடும். பார்ப்பதற்கு எல்லாப் பதிவுகளும் ஒன்று போலவே இருக்கும்.

பல மாதங்களுக்குப் பின் இதைக் கவனிக்கும் சிலர், நல்ல முகவரி வேண்டும் என்று அதே பதிவைப் புதிதாக இன்னொரு முறை வெளியிட்டுவிடுகிறார்கள். பழையதை நீக்குவதும் இல்லை. இப்போது அசலான நகல் ஒன்று உருவாகிவிட்டது! இதைத் தவிர்க்க, முதல் முறை வெளியிடும் முன்பே வலது பக்கம் உள்ள "பெர்மாலிங்க்" என்பதைக் கிளிக் செய்து, "கஸ்டம் பெர்மாலிங்க்" தேர்ந்தெடுத்து, ஆங்கில எழுத்துகளில் சிறிய பெயர் ஒன்றை நீங்களே கொடுத்துவிடவும்.

ஏற்கனவே வெளியிட்டதை மாற்றியே ஆக வேண்டும் என்றால், அதனை டிராப்டாக மாற்றிப் பெயரைத் திருத்தி மீண்டும் வெளியிடவும். பிறகு "எரர்ஸ் அண்ட் ரீடைரக்ட்ஸ்" பிரிவில் "கஸ்டம் ரீடைரக்ட்ஸ்" சென்று, பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தர வழிமாற்றம் அமைத்திடவும். வீடு மாறும்போது தபால் நிலையத்தில் புதிய முகவரி எழுதிக் கொடுப்பது போன்றது இது.

பிளாக்ஸ்பாட் டாட் இன் தந்த பாடம்

அசல் முகவரியின் அருமையை இந்திய வலைப்பூக்காரர்கள் அனுபவத்திலேயே கண்டனர். 2012-ல் கூகுள் ஒரு மாற்றம் செய்தது. இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு, பிளாக்ஸ்பாட் டாட் காம் என்ற முகவரி தானாகவே பிளாக்ஸ்பாட் டாட் இன் என்று மாறித் திறந்தது. வேறு நாடுகளுக்கும் இப்படித் தனித்தனி முடிவுகள் வந்தன. ஒரே வலைப்பூவுக்கு நாட்டுக்கு ஒரு முகவரி! நகல் குழப்பம் வராமலிருக்க, எல்லாவற்றிலும் டாட் காம் முகவரியையே கெனானிகல் வரியில் கூகுள் எழுதி வைத்தது. 2018-ல் இந்த முறை கைவிடப்பட்டது.

2020-ல் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற பெயரே கூகுளின் கையை விட்டு வேறொருவரிடம் போய்விட்டது. பிரவுசரில் தெரிந்த டாட் இன் முகவரியை அப்படியே காப்பி செய்து பிற தளங்களிலும் மின்னஞ்சல்களிலும் கொடுத்திருந்தவர்களின் லிங்க்குகள் எல்லாம் பயனற்றுப் போயின. கெனானிகல் வரியில் இருந்த டாட் காம் முகவரிகள் மட்டும் தொடர்ந்து திறந்தன.

பிரவுசரின் மேல் கட்டத்தில் தெரிவது எப்போதும் அசல் முகவரி என்று நம்பக்கூடாது. இன்றைக்கும் மொபைல் போனில் காப்பி செய்தால் எம், 1 என்ற வால் ஒட்டிக்கொண்டு வரும். பகிரும் முன் கேள்விக்குறியிலிருந்து தொடங்கி மீதி அனைத்தையும் நீக்கிவிட்டு அனுப்பவும்.

இரண்டு இடங்களில் ஒரே பதிவு

பிளாக்கரில் ஒன்று, வேர்ட்பிரஸ்ஸில் ஒன்று என இரண்டு வலைப்பூக்கள் வைத்து, ஒரே பதிவை இரண்டிலும் போடுபவர்கள் உண்டு. இரட்டிப்பு வாசகர்கள் கிடைப்பார்கள் என்பது எண்ணம். நடப்பதோ தலைகீழ். கூகுள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் காட்டும். லிங்க்குகளும் வாசகர்களும் இரண்டாகப் பிரிவார்கள். ஒன்றில் முழுப் பதிவை எழுதி, மற்றதில் நான்கு வரி அறிமுகமும் லிங்க்கும் கொடுப்பதே நல்லது.

வேர்ட்பிரஸ்ஸுக்கு நிரந்தரமாக மாறிவிட்டவர்கள், பழைய பிளாக்கரில் "செட்டிங்ஸ்" சென்று, "பிரைவசி" பிரிவில் "விசிபிள் டு சர்ச் இன்ஜின்ஸ்" என்பதை நிறுத்திவிடலாம். வாசகர்கள் பார்க்கலாம், தேடலில் வராது.

வேறொரு இணைய இதழ் உங்கள் பதிவை அனுமதி கேட்டு மறுபடி வெளியிட்டால், பெருமையோடு சம்மதியுங்கள். ஆனால் உங்கள் பதிவுக்கு லிங்க் தரும்படி கேளுங்கள். முடிந்தால் அவர்களுடைய பக்கத்தில் "நோஇன்டெக்ஸ்" குறியீடு சேர்க்கச் சொல்லுங்கள். இப்படி மறுவெளியீடு செய்திடும் இடங்களில் கெனானிகல் வரியைக் காட்டிலும் இதுவே ஏற்றது என்பது கூகுள் 2023-ல் தந்த ஆலோசனை.

பிறர் உங்கள் பதிவை எடுத்துவிட்டால்

உங்கள் பதிவிலிருந்து வேறு யாரும் எழுதியிருக்க முடியாத ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து, இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் வைத்துக் கூகுளில் தேடவும். அதே வாக்கியம் வேறு தளங்களில் இருந்தால் தெரிந்துவிடும். முடிவுகளின் கடைசியில், மிகவும் ஒத்த சில பக்கங்கள் விடப்பட்டுள்ளன என்று ஒரு குறிப்பு வந்தால், அதிலுள்ள லிங்க்கைக் கிளிக் செய்து அவற்றையும் பாருங்கள். மறைக்கப்பட்டது உங்கள் பக்கமா, அவருடையதா என்பது விளங்கும்.

நகல் இருப்பது உறுதியானால் முதலில் அந்தத் தளத்தாருக்குக் கடிதம் எழுதுங்கள். பலர் தெரியாமல் எடுத்திருப்பார்கள், கேட்டவுடன் நீக்கிவிடுவார்கள். நீக்கவில்லை என்றால், அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி கூகுளிடம் புகார் தரலாம். இதற்கெனப் படிவம் உள்ளது. அசல் முகவரி, நகல் முகவரி இரண்டும் கேட்பார்கள். புகாரின் பிரதி லூமன் என்ற பொதுத் தளத்திற்கு அனுப்பப்படலாம். பொய்ப் புகார் தந்தால் சட்டச் சிக்கல் நமக்குத்தான்.

வாட்ஸ்அப் குழுக்களில் உள்ளவை தேடு பொறிக்குத் தெரியாது. எனவே பதிவை முதலில் அங்கு முழுதாக அனுப்பிவிட்டு, பிறகு நிதானமாக வலைப்பூவில் ஏற்றும் பழக்கம் வேண்டாம். இடையில் யாரேனும் அதைத் தன் தளத்தில் ஏற்றிவிட்டால், கூகுள் முதலில் பார்ப்பது அவருடையதாக இருக்கும். முதலில் வலைப்பூ, பிறகு லிங்க்.

நாம் எடுக்கலாமா?

வார இதழில் வந்த குறிப்பையும், மின்னஞ்சலில் சுற்றி வந்த கதையையும் அப்படியே டைப் செய்து வலைப்பூவை நிரப்புபவர்கள் உள்ளனர். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ன்படி எழுதியவருக்கு உரிமை உண்டு. பதிவு செய்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. தேடு பொறியின் பார்வையிலும் இது வேறு கணக்கு. தானாக உருவாகும் நகலுக்குத் தண்டனை இல்லை. அடுத்தவர் எழுத்தை எடுத்துப் பக்கங்களைப் பெருக்குவதற்கு உண்டு. 2011-ல் பாண்டா என்ற பெயரில் கூகுள் செய்த மாற்றத்தில் இத்தகைய தளங்கள் பல கீழே தள்ளப்பட்டன. ஆட்சென்ஸ் விளம்பரம் பெற விண்ணப்பித்தாலும் நகல் பதிவுகள் நிறைந்த வலைப்பூ நிராகரிக்கப்படும்.

ஒரு பத்தியை மேற்கோளாகக் காட்டி, யார் எழுதியது என்று சொல்லி, உங்கள் கருத்தை விரிவாக எழுதினால் அது நகல் ஆகாது. அதேபோல் உங்கள் தமிழ்ப் பதிவை நீங்களே ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டாலும் நகல் அல்ல. இரண்டும் வேறு மொழி, வேறு வாசகர்கள்.

கூகுள் எதைத் தேர்ந்தெடுத்தது?

இத்தனையும் செய்த பின் முடிவைச் சரிபார்க்க கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவச சேவை உள்ளது. வலைப்பூ வைத்திருக்கும் அதே கூகுள் கணக்கில் நுழைந்து, உங்கள் வலைப்பூ முகவரியைச் சேர்க்கவும். மேலே உள்ள நீண்ட கட்டத்தில் பதிவின் முகவரியை ஒட்டி என்டர் தட்டவும். கிடைக்கும் விவரங்களில் நீங்கள் சொன்ன கெனானிகல், கூகுள் தேர்ந்தெடுத்த கெனானிகல் என இரண்டு வரிகள் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்கள் வேலை வெற்றி.

"பேஜஸ்" அறிக்கையில், சரியான கெனானிகல் உள்ள மாற்றுப் பக்கம் என்று சில முகவரிகள் பட்டியலிடப்பட்டிருக்கும். புதியவர்கள் இதைப் பார்த்துப் பதறுகிறார்கள். எம், 1 வால் உள்ள முகவரிகள்தான் பெரும்பாலும் இங்கு வரும். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்பதன் அடையாளம் இது. நீங்கள் சொன்னதை விட்டு வேறொன்றைக் கூகுள் தேர்ந்தெடுத்தது என்ற தலைப்பில் உங்கள் பதிவு வந்தால் மட்டும் கவனிக்கவும்.

இன்றே செய்ய வேண்டியவை

1. மூலக் குறியீட்டில் கெனானிகல் வரி உள்ளதா என்று பார்க்கவும்.
2. ஒவ்வொரு பதிவிலும் ஜம்ப் பிரேக் இடவும்.
3. எச்டிடிபிஎஸ் ரீடைரக்ட் இயக்கத்தில் இருக்கட்டும்.
4. வெளியிடும் முன்பே பெர்மாலிங்க் பெயரை ஆங்கில எழுத்துகளில் கொடுக்கவும்.
5. லிங்க் பகிரும் முன் கேள்விக்குறிக்குப் பின் உள்ளதை நீக்கவும்.
6. ஒரு பதிவை ஓர் இடத்தில் மட்டும் முழுதாக வெளியிடவும்.
7. மாதம் ஒரு முறை மேற்கோள் குறியிட்டுத் தேடிப் பார்க்கவும்.

இவை அனைத்தையும் செய்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். அதன்பின் நீங்கள் எழுதுவதில் முழுக் கவனம் செலுத்தலாம். தேடி வருபவர் சரியான கதவைத்தான் தட்டுவார்.